குரங்கால் வந்த கட்டி என்றார்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு சாரல் சீசனில் குற்றாலத்தில் நடந்தது இது. பேரருவிக்குப் போகிற வழியில் நாங்கள் பழக்கடை வைத்திருந்தோம். வீடு தென்காசியில். அடிபட்ட பழங்களை என் கணவர் குரங்குகளுக்குப் போடுவார். போடாவிட்டால் அவை நல்ல பழத்தையே தூக்கிக்கொண்டு போகும், அது வேறு கதை.

அந்த வருடம் அவர் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் கட்டிகள் வந்தன. மதுரையில் காட்டியதில் லிம்போமா, நெறிகட்டுகிற இடங்களில் வரும் புற்றுநோய் என்றார்கள். கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சு சிகிச்சையை அப்படித்தான் சொல்வோம். போக வர, பஸ்ஸிலேயே பாதி ஆயுள் போயிற்று. ஆனால் நோயைவிட என்னை அலுக்க வைத்தது பார்க்க வந்தவர்கள்தான். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆளுக்கொரு காரணமும் கொண்டுவருவார்கள். வெற்றிலை, அருவித் தண்ணீர், யாரோ வைத்த கண். கடைசியாக, சலூனில் யாரோ வாரப் பத்திரிகையில் ஒரு துணுக்கு படித்தார்களாம். குரங்குகளுக்கு ஒரு வைரஸால் இதே மாதிரி கட்டி வருகிறதாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

கடைக்கு ஆள் வரத்து குறைந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். சிவகிரியிலிருந்து வந்த நாத்தனார் எங்கள் நான்கு வயது மகளை இடுப்பில் எடுத்துக்கொண்டு, "மதினி, பிள்ளைக்கும் தொத்திரும்னு சொல்லுதாவ. அண்ணனுக்குச் சரியாகட்டும், கொண்டாந்து விடுதேன்" என்றாள். அவளும் அழுதுகொண்டேதான் சொன்னாள். சண்டை போட எனக்குத் தெம்பில்லை, அனுப்பிவிட்டேன். அதன்பின் என் கணவர் குரங்குகளுக்குப் பழம் போடுவதையும் நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் மதியம் வெளியூர் அம்மா ஒருவர் மங்குஸ்தான் வாங்க வந்தார். பக்கத்துக் கடைக்காரர், "அங்கன வாங்காதீங்கம்மா, அவருக்குக் கொரங்கு நோயி" என்று எங்கள் காதுபடவே சொன்னார். அந்த அம்மா நகரவில்லை. என்ன நோய் என்று என்னிடம் கேட்டார். இருந்த அலுப்பில் துணுக்கு வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. வடக்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் அந்த மாதிரி வைரஸ்களோடுதான் தனக்கு வேலை என்றார்.

"அது தென் அமெரிக்காவுல இருக்கிற ஒரு சின்னக் குரங்கோட வைரஸ். அந்தக் குரங்கை ஒண்ணும் பண்ணாது. வேற சில குரங்குகளுக்குள்ள போனாத்தான் புற்றுநோய் வருது. உங்க ஊர்க் குரங்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. மனுஷங்களுக்கு வந்ததா நாங்க பார்த்ததும் இல்ல."

குரங்கு கடித்தால் மட்டும் உடனே சோப்புப் போட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அது வேறு ஆபத்து என்றும் சொன்னார்.

"அப்பம் இவுகளுக்கு எதனால வந்துச்சு?" என்றேன்.

"தெரியலைங்க. இதையேதான் படிச்சுக்கிட்டிருக்கேன், எனக்கே தெரியல. அவர் ஒரு தப்பும் பண்ணல."

வந்தவர்களில் தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பழக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் கணவர், "பிள்ளயத் தூக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

"தாராளமா. மடியில வச்சுக் கொஞ்சுங்க. இது ஒட்டுற நோய் இல்ல."

கடையைச் சாத்திவிட்டு அன்றைக்கே சிவகிரிக்கு பஸ் ஏறினோம். மகள் முதலில் அத்தை சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அப்புறம் மெதுவாக வந்தாள். திரும்பும்போது அவர் மடியில் தூங்கிப்போனாள். கால் மரத்துப்போனாலும் என்னிடம் தரமாட்டேன் என்றார்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு வருடம்தான் இருந்தார். இன்று என் மகளுக்கு அப்பாவைப் பற்றி நினைவிருப்பதெல்லாம் அந்த இரண்டு வருடத்தில் நடந்தவைதான். பெயர்கூட நான் கேட்டுக்கொள்ளாத அந்த அம்மா பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு போயிருந்தால் அதுவும் அவளுக்கு இருந்திருக்காது.