சிப்பிகாட்டில் களப்பயணம்

சந்திரமதி கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவள். இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி வந்த அந்தக் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவளும் அவள்தான். போர்ட் பிளேரில் புவியியல் டீச்சரானாள். ஜங்லிகாட்டில் வாடகை வீடு. கச்சாலில் இருந்த தம்பி குடும்பத்தைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி அவள் வகுப்பில் பேசியதேயில்லை.

2008இல் டீச்சர்களுக்குப் பத்து நாள் பயிற்சி நடந்தது. தலைப்பு, வளங்குன்றா வளர்ச்சி. நாளைய பிள்ளைகளுக்குக் குறை வைக்காமல் இன்றைய தேவையைப் பார்த்துக்கொள்வதை எப்படிச் சொல்லித்தருவது என்று பழக்கினார்கள். மெயின்லேண்டிலிருந்து வந்த பயிற்சியாளர் களப்பயணத்துக்கு இடம் கேட்டார். சந்திரமதி சிப்பிகாட்டைச் சொன்னாள். சுனாமி வந்த அன்றைய நிலநடுக்கத்தில் தரை இறங்கி, நெல்வயல்களில் கடல் ஏறி நின்றுவிட்ட இடம் அது. அங்கே மூன்று ஏக்கர் வைத்திருந்த உதயசூரியனின் மகள் தமிழரசி அவளிடம் படித்துக்கொண்டிருந்தாள். வயலைப் பார்க்க மெயின்லேண்டிலிருந்து ஆள் வருகிறார் என்று அவளிடமே சொல்லி அனுப்பினாள்.

முப்பது டீச்சர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது உதயசூரியன் சலவைச் சட்டையில் நின்றிருந்தார். அவர் மனைவி வேலாயி இளநீர் சீவி அடுக்கியிருந்தாள். அவர் நேரே பயிற்சியாளரிடம் போய்ப் பிளாஸ்டிக் உறையை நீட்டினார்.

"நிலத்துக் காகிதம், நக்ஷா படம் எல்லாம் இருக்கு சாப். வயல்ல நிக்கிற பானி எப்ப வெளியேத்துவீங்க?"

பயிற்சியாளர் சந்திரமதியைப் பார்த்தார். அவள் உதயசூரியனைத் தள்ளி அழைத்துப் போனாள்.

"அண்ணே, இவங்க டீச்சருங்க. பாடம் நடத்தக் கத்துக்க வந்திருக்காங்க."

"பெரிய ஆபீசர் வர்றாருன்னுல்ல தமிழு சொன்னா?"

"நான்தான் வெவரமாச் சொல்லாம விட்டுட்டேன்."

"எங்க வயல்ல என்னங்க பாடம், டீச்சரம்மா?"

நான்கு வருடமாக அவர் வரப்பை மண் போட்டு உயர்த்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அமாவாசைக்கும் கடல் அதைத் தாண்டி வந்தது. வேலாயி, "வந்தவங்க குடிச்சிட்டுப் போகட்டும்" என்று இளநீரை எடுத்து நீட்டினாள்.

அதன்பிறகு சந்திரமதி அவருக்காக மனு எழுதினாள். பள்ளி விட்டதும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள் எல்லா இடத்திலும். இறங்கிய தரையை யாரால் தூக்க முடியும் என்று ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார்.

அடுத்த வருடமும் பயிற்சி வந்தது. களப்பயணம் சிப்பிகாட் என்றே அச்சடித்திருந்தார்கள். வேறு இடம் வைக்கச் சொல்லிப் பார்த்தாள், நடக்கவில்லை. இந்த முறை அவள் சொல்லி அனுப்பவில்லை.

பஸ்ஸைப் பார்த்ததும் உதயசூரியன் சட்டைப் பித்தானைப் போட்டபடி வரப்பில் வேகமாக வந்தார். அவள் எல்லோருக்கும் முன்னால் இறங்கினாள்.

"இந்தத் தடவையும் டீச்சருங்கதாண்ணே."

அவர் நின்றுவிட்டார். பிறகு, இறங்கி வந்த இளம் டீச்சர்களிடம் தண்ணீரைக் காட்டினார்.

"எழுதிக்கிங்கம்மா. இங்க நாங்க நடவு நட்டோம்."