ரேடியோவைக் கொஞ்சம் குறைங்க

போதகர் வாயைத் திறந்தால் கொட்டுகிற மழை பாதியில் நின்று காது கொடுக்கும். ஒருமுறை அவர் வானொலியில் ஜெபித்தபோது, மேலே போய்க்கொண்டிருந்த விமானம், அவர் "ஆமென்" சொல்லும்வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. ரேடியோ திருட வந்த ஒருவன், அதில் இவர் குரலைக் கேட்டதும், ரேடியோவைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கிறீச்சிட்ட கதவுக்கு எண்ணெயும் போட்டுவிட்டுப் போனான்.

உண்மை இதைவிடக் கொஞ்சம் குட்டை. போதகரின் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது.

அவருடைய அப்பா பஸ் கண்டக்டர். அந்த மனிதர் "ரைட்" சொன்னால் அடுத்த தெருவில் நிற்கிற பஸ்ஸும் சேர்ந்து கிளம்பும். அந்தத் தொண்டை மகனுக்கு வரவில்லை. முதல் சபையில் அவர் ராத்திரி முழுக்கத் தயார் செய்த பிரசங்கத்தை முன் பெஞ்சுக்காரர்கள் மெச்சினார்கள். பின் பெஞ்சுக்காரர்கள் சுகமாகத் தூங்கினார்கள்.

"ஐயா, பிரசங்கம் பிரமாதம்னு முன்னாடி உக்காந்தவங்க சொல்றாங்க. நாங்க எப்ப கேக்கறது?" என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வாசலில் வைத்தே கேட்டார்.

மைக் வாங்கும் பேச்சு ஒவ்வொரு கூட்டத்திலும் எழும்பும், ஒவ்வொரு கூட்டத்திலும் உட்கார்ந்துவிடும். கடைசியில் மூப்பர்கள் கூடிப் பேசி, அவரை ஆஸ்பத்திரி ஊழியத்துக்கு அனுப்பினார்கள். அங்கேதான் 'சத்தம் போடாதீர்' என்று போர்டே மாட்டியிருக்கிறதே!

தண்டனை என்று நினைத்துக்கொண்டு போனவருக்கு அங்கே ஒரு சங்கதி புரிந்தது. கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பேசும்போது, அவர் குரல் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி சரியாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு ஒருவர் படுத்திருந்தார். வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளர்.

"மன்னிச்சுடுங்க பாஸ்டர். இவருக்கு நீங்க சொன்னதை நான் ஒட்டுக் கேட்டுட்டேன்."

"காதில விழுந்துச்சா?" போதகருக்கு அதுதான் ஆச்சரியம்.

"ஒரு சொல் தப்பலை. கால் சரியானதும் நீங்க என்கூட வரணும்."

அப்படித்தான் அவர் அந்த அறைக்குள் போனார். எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் ஓட்டை போட்ட பலகை. காகிதம் சரசரக்காமல் இருக்க மேஜைமேல் பச்சைக் கம்பளித் துணி. பேசும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள் என்பதால் கழுத்துப் பட்டை நனைந்துபோகும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். அதனாலேயே போதகர் வீட்டில் அவருக்குக் 'கண்ணாடிக்காரர்' என்று பெயர். "ஊருக்குப் பேசாதீங்க. பக்கத்துக் கட்டில்காரருக்குப் பேசுங்க," என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார். மீதியெல்லாம் கை ஜாடை. விரலைச் சுழற்றினால் முடியுங்கள். கைகளை அகட்டினால் இன்னும் நேரம் இருக்கிறது, இழுங்கள். விரலை நேராக நீட்டினால் மைக் திறந்துவிட்டது, பேசுங்கள்.

பிறகு நேயர்களின் தொலைபேசிக் கேள்விகளும் சேர்ந்துகொண்டன. அன்றிலிருந்து போதகர் 'ஆமென்' என்பதைவிட அதிகமாகச் சொன்ன வாக்கியம், "உங்க ரேடியோவைக் கொஞ்சம் குறைங்க" என்பதுதான். போன் பண்ணுகிற யாரும் பக்கத்தில் அலறுகிற ரேடியோவைக் குறைப்பதே இல்லை. தன் குரல் அதில் வருகிறதா என்று கேட்க வேண்டுமே! உடனே ஊய்ங் என்று ஒரு ஊளை கிளம்பும். பேராயரே ஒருமுறை அப்படி ஊளையோடு வந்து வாழ்த்துச் சொன்னார்.

வீட்டில் கதை வேறு. குரலைச் சேமிக்கவேண்டும் என்று கண்ணாடிக்காரர் எப்போதோ சொல்லிவைத்ததை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, போதகர் சாப்பாட்டு மேஜையிலும் ஜாடைதான். மனைவி ஏதாவது சொல்லத் தொடங்கினால் விரல் சுழலும். இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டுமென்றால் கைகள் அகலும். நீட்டிய விரலை மட்டும் அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அவருடைய ஒரே மகளுக்கு 'வாலு' என்று பெயர் வைத்தது பள்ளிக்கூடம். வகுப்புக்கு உள்ளே இருந்ததைவிட வெளியே நின்றது அதிகம். தலைமையாசிரியை குரலில் பேசி மொத்த வகுப்பையும் வீட்டுக்கு அனுப்பியவள் வேறு எங்கே நிற்பாள்?

காலம் போகப் போகத் தொலைபேசி ஈ ஓட்டியது. நிலைய அதிகாரி போதகரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க பாஸ்டர். போன் வரலைன்னா கேக்கறவங்க யாருமில்லைன்னு மேல நினைக்கறாங்க. இந்த மாசம் பார்ப்போம். இல்லைன்னா அந்த நேரத்தை மெத்தை விளம்பரத்துக்குக் குடுத்துடுவோம்."

வீட்டில் இதைச் சொல்ல மட்டும் அவர் வாயைத் திறந்தார். சூழ்நிலையை லேசாக்க அம்மா, "மெத்தையா? நீங்க செஞ்ச வேலையைத்தானே அதுவும் செய்யப்போகுது?" என்றாள். போதகர் சிரிக்கவில்லை. பாலிஷ் போட்ட செருப்புக்கே மறுபடி பாலிஷ் போட்டார். அந்த அறை கைவிட்டுப் போனால் அவர் பழையபடி மூன்றாவது பெஞ்சுக்காரர்தான். செருப்பின் மேல் குனிந்திருந்த அந்த முதுகைப் பார்க்க வாலுவுக்கு என்னவோ செய்தது. எரிச்சல் என்று சொல்லிக்கொண்டாள்.

அடுத்த நிகழ்ச்சியன்று அவள் சமையலறை ரேடியோவை அணைத்தாள். அம்மாவின் போனைத் தூக்கிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் ஒண்டினாள். மூக்கில் துணி கிளிப்.

"ஐயா வணக்கம். லாரி ஓட்டறேனுங்க. கண்ணைத் திறந்துக்கிட்டே ஜெபம் பண்ணா கேக்குமா?"

"நீங்க கண்ணை மூடினாதான் எனக்குப் பயம் டிரைவர். திறந்தே வெச்சிருங்க. பிரேக்கையும் பாத்துக்கங்க."

அடுத்த வாரம் தையல்காரர் ஒருவர், கிழட்டுக் குரலில். பிரசங்கத்தில் தூங்குவது பாவமா?

"அதில பெரிய பங்கு பிரசங்கியாருக்கு. ஆனா குறட்டை விடாதீங்க ஐயா, பக்கத்தில இருக்கறவரும் தூங்கணுமில்ல."

மாதம் முடியும் தறுவாயில் லாரி டிரைவர் மறுபடி வந்தார். வாலு கேட்க நினைத்தது கழுதையைப் பற்றி ஒரு கேள்வி. வாய் என்னவோ தன் பாட்டுக்கு வேறு கேட்டது.

"ஐயா, எங்க வீட்ல ஒருத்தர் இருக்காரு. ஊரே அவர்கிட்ட பேசுது. வீட்டுக்கு வந்தா எங்ககிட்ட வாயே திறக்கமாட்டாரு. அவரை எப்படிங்க பேச வைக்கறது?"

வானொலியில் மௌனம் என்பது அடுப்பில் பால் பொங்குவது மாதிரி. யாராவது ஓடிவர வேண்டும். கண்ணாடிக்காரர் இரண்டு கையையும் ஆட்டினாராம். போதகர் மெதுவாகத்தான் தொடங்கினார்.

"இருக்கற குரலையெல்லாம் வெளியே செலவு பண்ணிட்டு வெறும் கையோட வீட்டுக்குப் போறது தப்புன்னு அவருக்கு யாரும் சொல்லலை போல. எனக்கு உடனே பதில் தெரியலைங்க. தெரிஞ்சவங்க யாராவது போன் பண்ணிச் சொல்லுங்களேன்."

ஊய்ங்!

"உங்க ரேடியோவைக் கொஞ்சம் குறைங்கம்மா."

"எங்க வீட்லயும் அப்படி ஒரு மனுஷன் இருந்தாருங்க. ஒருநாள் எதிர்நாற்காலியில போய் உக்காந்துட்டேன், எந்திரிக்கவே இல்லை. பேசிட்டாரு."

அடுத்த ஊளையில் வந்தவர் சினிமாப் பாட்டுக் கேட்டார். அதற்கடுத்த ஊளை ஒரு மருமகன். அதிகாரி அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மெத்தைக்காரருக்கு வேறு நேரம் ஒதுக்கினார்கள்.

லாரி டிரைவர் அதற்குப்பின் வரவில்லை. சபையின் ஆண்டு மலரில் போதகரைப் பற்றி எழுதும் பொறுப்பு, 'விளையாட்டுத்தனம் கூடாது' என்ற எச்சரிக்கையோடு வாலுவிடம் வந்தது. சமையலறை மேஜையில் ரேடியோவை அலறவிட்டு அவள் முதல் பத்தியை எழுதி முடித்தபோது, முதுகுக்குப் பின்னாலிருந்து அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"மழை எப்ப நின்னுச்சு?"

"சும்மா, ஒரு சுவைக்குப்பா."

"விமானம்?"

"அதுவும்தான்."

"சரி. லாரி டிரைவர் இப்ப எங்க இருக்காரு?"

பேனா நின்றுவிட்டது. "எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"பேராயருக்கே ரேடியோவைக் குறைங்கன்னு சொன்னவன் நான். ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் சொல்ல வேண்டி வரலை. டிரைவரும் தையல்காரரும். முன்கூட்டியே அணைச்சுட்டுப் போன் பண்ற பழக்கம் எந்த வீட்டுல இருக்கு?"

"முதல் நாளே தெரிஞ்சுடுச்சா?"

"முதல் நாள் சந்தேகம். தையல்காரர் வந்ததும் அதிகாரிகிட்ட போய், இதெல்லாம் எங்க வீட்டுப் போன், கணக்கில எடுக்காதீங்கன்னு சொல்லிட்டேன்."

"ஐயய்யோ! அவர் என்ன சொன்னாரு?"

"எடுக்கலை, ஆனா நிறுத்தவும் சொல்லாதீங்க, அந்தத் தையல்காரரை எனக்குப் பிடிச்சிருக்குன்னாரு."

போதகர் ரேடியோவை அணைத்தார். எதிர்நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த வீட்டில் யாரும் பார்த்திராத அந்த விரல், மகளை நோக்கி நேராக நீண்டது.

"கேளு. கிளிப் வேண்டாம்."