தங்கத்துக்கு வலிக்குமா, சார்?

பிலோமினா மிஸ்ஸி காலமான செய்தி வந்தபோது நான் பாசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. "எங்கள் அன்பு அம்மா இன்று காலை அமைதியாக இறைவனில் இளைப்பாறினார்" என்று அவர் மகள் ஜெசிந்தாவின் எண்ணிலிருந்து வந்திருந்தது. துக்கம் வருவதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'அமைதியாக' என்ற அந்த ஒரு சொல்லின் மேல்தான்.

தாதியாக மிஸ்ஸி வந்துபோன வீடுகளில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு இது வியப்பாக இராது. அந்தச் சொல்லை நம்பக் கூடாது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். "அமைதியாப் படுத்திருக்காங்கன்னு தூரத்துல நின்னு சொல்லாதீங்க. கிட்டப் போய்ப் பாருங்க. கத்துறதுக்குத் தெம்பு இல்லாமலும் இருக்கலாம்" என்பார்.

ஜெசிந்தாவை அழைத்தேன். இரங்கல் சொல்லி முடித்ததும் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அம்மாவுக்கு வலி இருந்ததாம்மா?"

"நீங்க இதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும் அங்கிள். முந்தா நாள் வரைக்கும் ரொம்பக் கஷ்டம். அப்புறம் மருந்தைக் கூட்டினாங்க. கடைசி ஒரு நாள் நல்லாத் தூங்கினாங்க. அந்த மெசேஜ் சர்ச் ஆன்ட்டி எழுதிக் கொடுத்தது. நான் அப்படியே அனுப்பிட்டேன்."

"ஒரு நாளா?"

"ஒரு நாள் முழுசா. அம்மா பிள்ளை அங்கிள் நான், பொய் சொல்வேனா?"

அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அவர் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த நாளைச் சொல்கிறேன். என் மனைவி தனலெட்சுமிக்கு மார்பில் வந்த புற்று, முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. மருத்துவமனையில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சுங்கை பினாங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். பதினொரு நாள் கழித்து, இப்படிப்பட்ட நோயாளிகளை வீட்டுக்கே வந்து கவனிக்கும் தாதி என்று மிஸ்ஸி வந்தார். சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். அரசாங்க மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பின் இந்தத் தொண்டுக்கு வந்தவர். கழுத்தில் சின்னச் சிலுவை. அதைப் பார்த்ததுமே எனக்குள் ஒரு எச்சரிக்கை. சாகப்போகிறவளிடம் எதையாவது பேசி மதம் மாற்ற வந்திருப்பாரோ என்று கட்டிலுக்கு அருகிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"அக்கா, சீரோன்னா வலியே இல்ல. பத்துன்னா இதுக்கு மேல முடியாது. இப்ப எத்தனை இருக்கு?" என்று கேட்டார்.

தனம் என்னைப் பார்த்தாள். "மூணு இருக்கும் மிஸ்ஸி."

"அவ எப்பவுமே பொறுமைசாலி" என்றேன் நான், பெருமையாக.

மிஸ்ஸி அந்த எண்ணை எழுதவில்லை. பேனாவை மூடினார். தனத்தை மெல்லத் திருப்பிப் படுக்க வைத்து, சட்டையை உயர்த்தினார். வெந்நீர்ப் பையை வைத்து வைத்து, முதுகுத்தோல் வலை பின்னியதுபோலக் கருஞ்சிவப்பாகப் போயிருந்தது. அந்தப் பையில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தவன் நான்தான். தோலை நான் பார்த்ததில்லை.

"மூணுன்னு சொல்றவங்க முதுகை இப்படி வேக வைக்க மாட்டாங்க" என்றார் மிஸ்ஸி. பிறகு என் பக்கம் திரும்பி, "சார், ஒரு தே ஓ கிடைக்குமா? சீனி கம்மி. அவசரம் இல்ல, மெதுவாப் போடுங்க."

பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே அனுப்பியே பழகியவன் நான். என்னை வெளியே அனுப்பிய முதல் ஆள் அவர். அடுப்படியில் பாலில்லாத் தேநீருக்குத் தண்ணீரை வைத்துவிட்டு, காது கொடுத்தேன். கதவு சாத்தியிருந்தது. தனம் ஏதோ பேசுவது கேட்டது, ஆனால் சொற்கள் பிடிபடவில்லை. எண்ணைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது.

போகும்போது லிஃப்ட் வரை வழியனுப்பப் போனேன். "ஒன்பது சார்" என்றார். "டாக்டர்கிட்ட போன்ல பேசிட்டேன். மருந்து கொடுத்துட்டேன். ஆஸ்பத்திரியில கொடுத்த பாட்டில் மூடியே திறக்காம அலமாரியில இருந்துச்சு. ஏன்?"

"மூணுதான்னு சொன்னா மிஸ்ஸி. அதோட, அது மோர்ஃபின். பழகிப் போயிடுமேன்னு..."

"டாக்டர் எவ்வளவு நாள் சொல்லியிருக்காரு?"

"ரெண்டு மாசம்."

"அப்புறம் எந்தப் பழக்கத்துக்கு சார் பயப்படுறீங்க?" அவர் குரலை உயர்த்தவில்லை. "அக்காகிட்ட வேற என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

சொன்னேன். ஆண்டவன் கொடுக்கும் வலிக்கு ஒரு காரணம் இருக்கும், பொற்கொல்லன் தங்கத்தை நெருப்பில் இடுவது அதன் மேல் உள்ள கோபத்தினால் அல்ல, அழுக்கு நீங்கத்தான் என்று சொல்லியிருந்தேன். வகுப்பில் பலமுறை சொன்ன உதாரணம். தனமும் தலையாட்டிக் கேட்டிருந்தாள்.

மிஸ்ஸி லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். "தங்கத்துக்கு வலிக்குமா, சார்?"

லிஃப்ட் வந்தது. கதவு மூடுவதற்குள் கேட்டேன்: "தனம் வேற என்ன சொன்னா?"

"நம்பர்தான் சார். வேற ஒண்ணும் இல்ல." அதைச் சொல்லும்போது அவர் லிஃப்ட் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறைக்கும் மாணவனின் கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நான் நம்பவில்லை.

ஆனால் ஆசிரியனாக இருந்து பழகிவிட்டேன். ஒரு உதாரணம் உடைந்தால் இன்னொன்றைத் தேடுவேன். அடுத்த வாரம் மிஸ்ஸி வந்தபோது தயாராக இருந்தேன். நான் அறிவியல் ஆசிரியன். வலி என்பது உடம்புக்குள் படைத்தவன் பொருத்தி வைத்த அபாய மணி என்றேன். அது இல்லாவிட்டால் குழந்தை அடுப்பில் வைத்த கையை எடுக்காது. வலியும் ஒரு கருணைதான் என்றேன்.

"நல்ல மணிதான் சார்" என்றார் மிஸ்ஸி, தனத்தின் முதுகில் களிம்பு தடவிக்கொண்டே. "அடிச்சாச்சு. நாங்களும் ஓடி வந்தாச்சு. ஸ்கேன் எடுத்தாச்சு, என்ன வியாதின்னும் தெரிஞ்சாச்சு. இன்னும் எதுக்கு அடிக்குது? என் மக வீட்டுப் பக்கம் ஒருநாள் அலாரம் அடிச்சுது. நெருப்பே இல்ல. அதை நிறுத்துற சாவி வெச்சிருந்த ஆளு சாப்பிடப் போயிட்டாரு. அந்த ஆளைத் திட்டாத ஆள் இல்ல லா. இங்க மட்டும் சாவி வெச்சிருக்கறவரை நாம கும்பிடணுமா?"

தனம் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு அது. மருந்து அவளை எங்கள் பக்கம் திருப்பிக் கொண்டுவந்திருந்தது. அந்தச் சிரிப்பு அடங்கிய சிறிது நேரத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. என் பக்கம் திரும்பி, "வலிக்குதுன்னு ஒருத்தி படுத்துக் கிடக்குறா. பதினொரு நாளு பாடம் நடத்துனீங்களே" என்றாள். அதற்கு முன் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

மிஸ்ஸி உற்சாகமானார். "கோவம் வந்துருச்சா? நல்லது. வலி முழுசா இருக்கறப்போ கோவப்படக்கூட உள்ள இடம் இருக்காது சார்."

அதை நான் அன்று நெடுநேரம் யோசித்தேன். பல்வலியோடு வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு நான் ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனின் தலைக்குள் ஒன்றும் ஏறாது என்று எனக்குத் தெரியும். பெற்றோரை வரவழைத்து அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்ட நான், வலி நமக்குப் பாடம் கற்பிக்க வருகிறது என்று எந்தத் துணிச்சலில் சொன்னேன்? என் வகுப்பில் நான் செய்யாத ஒன்றைக் கடவுள் தன் வகுப்பில் செய்வார் என்று ஏன் நம்பினேன்?

மிஸ்ஸியின் மேல் இருந்த சந்தேகமும் எனக்கு முழுதாகப் போய்விடவில்லை. அத்தனை வருகைகளில் அவர் ஒருமுறைகூடக் கடவுளின் பெயரை எடுத்துச் செபம் செய்யவில்லை. மதம் மாற்றுவாரோ என்று முதலில் பயந்தேன். ஒன்றுமே சொல்லாமல் இருக்கிறாரே என்று பிறகு அதையும் சந்தேகித்தேன். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்: "சாவி வெச்சிருக்கறவரை இப்படிப் பேசுறீங்க. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்கும் போறீங்க. அங்க போய் என்ன பண்றீங்க மிஸ்ஸி?"

"கம்ப்ளேன் பண்றேன் சார். கம்ப்ளேன் பண்ணணும்னா ஆபீஸ்லதானே போய்ப் பண்ணணும்? ஜாலான்ல, நடு ரோட்டுல நின்னு கத்துனா யாரு கேப்பாங்க?"

"பதில் வந்துச்சா?"

"கவுண்டர் இன்னும் திறக்கல."

தனம் அதன் பின் ஏழு வாரம் இருந்தாள். வலி இல்லாமல் இருந்தாள் என்று எழுதினால் மிஸ்ஸிக்குப் பிடிக்காது. மூன்று, நான்கு என்று இருந்தது. சில நாள் ஆறு. ஒவ்வொரு முறையும் மருந்தின் அளவு மாறியது. ஒன்பது மட்டும் திரும்பி வரவில்லை. ரசத்தில் உப்பில்லை என்று என்னைக் கடிந்துகொள்ளவும், தங்கையோடு போனில் ஊர்க்கதை பேசவும் அவளுக்கு நேரம் கிடைத்தது. அந்த ஏழு வாரத்தை எனக்குக் கொடுத்தவர் யார் என்று கேட்டால், நான் முதலில் மிஸ்ஸியின் பெயரைத்தான் சொல்வேன்.

இந்த ஆண்டு மிஸ்ஸிக்கே கணையத்தில் புற்று என்று தெரிந்தபோது, சிம்பாங் அம்பாட்டில் மகள் வீட்டில் இருந்தார். தீவிலிருந்து ஃபெர்ரியில் அக்கரை போய் டாக்சி பிடித்துப் பார்க்கப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார். செபக்குழுப் பெண்கள் இருவர் கட்டிலருகே இருந்தார்கள். அவர்களில் மூத்தவர், "தாங்கக் கூடியவங்களுக்குத்தான் ஆண்டவர் சிலுவையைக் கொடுப்பாரு பிலோ" என்று தலையைத் தடவினார்.

"அப்ப நான்தான் தப்புப் பண்ணிட்டேன் அக்கா. தாங்க மாட்டேன்னு முன்னாடியே நடிச்சிருக்கணும்" என்றார் மிஸ்ஸி. அந்த அம்மாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அவர்கள் போன பின் நான் கேட்டேன். மூன்று ஆண்டுகளாக எனக்குள் இருந்த கேள்வி. "மிஸ்ஸி, அன்னைக்கு என்னை தே ஓ போட அனுப்பினீங்க. தனம் நம்பர் மட்டும் சொல்லல. எனக்குத் தெரியும். இப்பவாவது சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சொல்லமாட்டார் என்றே நினைத்தேன். அவர் கைகளையும் விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வலியில் இருக்கிறாரா என்று பார்க்க அவரிடம்தான் கற்றிருந்தேன்.

"அவங்க சொல்ல வேணாம்னாங்க. மருந்துக்காக நம்பரை மட்டும் உங்ககிட்ட சொல்லிட்டேன்" என்றார் கடைசியில். "'ஒன்பதுன்னு அவருகிட்ட சொல்லாதீங்க மிஸ்ஸி. தங்கம், நெருப்புன்னு அவரு ஒண்ணு சொல்றாரு. அதைப் புடிச்சிக்கிட்டுத்தான் அவரு நிக்கிறாரு. நான் ஒன்பதுன்னு சொன்னா அது உடைஞ்சிடும். அப்புறம் அவருக்கு என்ன இருக்கு'ன்னாங்க."

நான் அவளைத் தாங்குவதற்காக ஒரு விளக்கம் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். அந்த விளக்கத்தையும் சேர்த்து அவள் தாங்கியிருக்கிறாள், வெந்த முதுகோடு, பதினொரு நாள்.

மிஸ்ஸி என் கையைத் தொட்டார். "அழுங்க சார், ஆனா கேளுங்க. அக்கா உங்களுக்குச் செஞ்சதைத்தான் நாம எல்லாரும் மேல இருக்கறவருக்குச் செய்யறோம். அவரு பேரு கெட்டுடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு மூணு, மூணுன்னு சொல்றோம். 'எல்லாம் நல்லதுக்குத்தான்'ங்கறோம். அவரு நல்லவரா இருந்தா உண்மை நம்பரைக் கேட்டு உடைஞ்சா போயிடுவாரு? நல்லவரா இல்லைன்னா, அவருக்காக நாம ஏன் பொய் சொல்லணும்?"

"மேல இருக்கறவருகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒன்பதுன்னு சொல்லிட்டேன்" என்றார். "காலையில எட்டு. இப்ப ஒன்பது. ஜெசிந்தாவைக் கூப்பிடுங்க சார், மருந்து நேரம் வந்துருச்சு."

அதுதான் நான் அவரை உயிரோடு பார்த்த கடைசி முறை.

அன்புள்ளம் கொண்ட ஒரு படைப்பாளி இப்படிப்பட்ட வலியை ஏன் அனுமதிக்கிறார் என்று மிஸ்ஸியிடம் கேட்டவர்கள் உங்களிலும் பலர் இருப்பீர்கள். நான் அறிந்தவரை அவர் யாருக்கும் பதில் சொன்னதில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் அழகான விளக்கம் ஒன்றை யாராவது சொன்னால் இப்போது நான் சொல்பவரைப் பார்ப்பதில்லை. அந்த விளக்கம் விழாமல் இருக்க, பக்கத்தில் யார் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார் என்று பார்க்கிறேன். மிஸ்ஸியிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் இது. அதோடு இன்னொன்றும் உண்டு. காலையில் சாமி படத்துக்கு முன் நிற்கும்போது, முன்புபோல எல்லாம் உன் சித்தம் என்று சொல்லிவிட்டு வருவதில்லை. என் முழங்காலுக்கு இன்று ஐந்து. மாடியில் முதுகு ஒடிந்து படுத்திருக்கும் சீனப் பாட்டிக்கு, மகன் சொன்ன கணக்குப்படி எட்டு. அப்படியே சொல்லிவிட்டு, பதிலுக்காக ஒரு நிமிடம் நிற்கிறேன். பிறகு பாட்டிக்கு மருந்து கொடுத்தார்களா என்று கேட்க மாடிக்குப் போகிறேன்.