முந்நூறு எம்பிபிஎஸ் எங்கே போனது?

போன மாதம் ஒரு புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி. நான் எங்கே இருந்தேன் தெரியுமா? எங்கள் சமையலறையில், மேஜைக்கு அடியில்!

காரணம்... வைஃபை.

என் மனைவி ஸ்டெல்லா முன்பு பிரெஞ்சு டீச்சர். பிள்ளைகளுக்காக வேலையை விட்டுப் பதினாறு வருடம் ஆகிறது. இப்போது ஆன்லைனில் பிரெஞ்சு சொல்லித்தரும் வேலைக்கு விண்ணப்பித்து, இன்டர்வியூ வரை வந்துவிட்டாள். கேள்வி கேட்கும் அம்மணி இருப்பது பிரான்ஸில். நாங்கள் லாஸ்பேட்டையில்.

முந்தைய நாள் காலை ஒத்திகை. ஹாலில் நான் போனோடு. படுக்கையறையில் அவள் லேப்டாப்போடு. "போன்ழூர்" என்று வணக்கம் சொல்ல வாயைத் திறந்தவள், ஸ்கிரீனில் அப்படியே உறைந்துவிட்டாள். அவள் லேப்டாப்பிலேயே ஸ்பீடு டெஸ்ட் போட்டேன். நான்கு எம்பிபிஎஸ். எங்கள் திட்டமோ முந்நூறு!

"இத்தன வருஷம் கழிச்சு ஒருத்தர் கூப்புட்றாங்க. இப்படி வாயத் தொறந்துட்டு நின்னா யாருங்க வேலை குடுப்பாங்க?" லேப்டாப்பை மூடிவிட்டாள் ஸ்டெல்லா.

எனக்கு வந்ததே கோபம்! இன்டர்நெட் கம்பெனிக்கு போன் போட்டுக் கத்தினேன். ஒரு மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் டெக்னீஷியன் சபீனா. தன் லேப்டாப்பை ஒயர் போட்டு நேராக ரௌட்டரில் இணைத்தார். இருநூற்றுத் தொண்ணூறு!

"கம்பெனி குடுத்தது வந்துடுச்சு சார். உங்க வூட்டுக்குள்ளதான் காணாம போவுது."

ரௌட்டர் இருந்தது ஹால் மூலையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால். பார்க்க நன்றாக இல்லை என்று ஒளித்து வைத்ததே நான்தான். பீரோவை ஒட்டி என் மீன் தொட்டி.

"இரும்பு சிக்னலைத் திருப்பி அனுப்பிடும். தண்ணி அதைக் குடிச்சுடும். மிச்சத்தை செவுரு பாத்துக்கும்" என்றார்.

ஆக, இத்தனை நாளும் ஹைஸ்பீடு இன்டர்நெட்டில் நீந்தியது என் கோல்டு ஃபிஷ்!

சபீனா தன் போனைக் காட்டினார். அக்கம்பக்கத்து வைஃபை மட்டும் பத்தொன்பது.

"எல்லாம் ஒரே காத்துலதான் சார். பெரிய மார்க்கெட்ல மீன் வெலை கேட்டிருக்கீங்களா? அதே சத்தம்தான். ஒருத்தர் பேசி முடிச்சாதான் அடுத்தவர் பேச முடியும். 'கேட்டுச்சா'ன்னு கேக்கறதுலயும் 'கேட்டுச்சு'ன்னு சொல்றதுலயுமே பாதி நேரம் பூடும். ரௌட்டர் பெட்டியில போட்டிருக்கற நம்பர், ஒரு தடங்கலும் இல்லாத ரூமுல அளந்தது."

சுவர், பீரோ, பக்கத்து வீடு எதுவுமே இல்லாத வீடு... அதில் யார் குடியிருப்பது?

ரௌட்டரை நடு ஹாலுக்கு மாற்றப் புது ஒயர் இழுக்க வேண்டுமாம். ரெண்டு நாள் ஆகும்.

"நாளைக்கே இன்டர்வியூம்மா" என்றாள் ஸ்டெல்லா.

சபீனா யோசித்தார். பையிலிருந்து நீளமாக ஒரு ஒயரை எடுத்தார். "நாளைக்கு வைஃபையே வேணாம் மேடம். நேரா லேப்டாப்ல சொருகிடுங்க."

ஒயர் எட்டியது சமையலறை மேஜை வரைதான்.

புதன்கிழமை, இன்டர்வியூவுக்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் தெரிந்தது — எங்கள் பழைய லேப்டாப்பில் ஒயர் நிற்கவில்லை. லொடலொட! கையால் அழுத்தினால் நெட் வருகிறது, விட்டால் போகிறது.

வேறு வழி? நான் மேஜைக்கு அடியில் புகுந்து, கையை மட்டும் மேலே நீட்டி அழுத்திக்கொண்டேன்.

பிரெஞ்சு மழையாகக் கொட்டியது. எனக்குப் புரிந்தது கால்வாசி. பின்னால் காய்கறிக் கூடையில் தெரிவது என்ன என்று அம்மணி கேட்டார். ஸ்டெல்லா தயங்கவே இல்லை. கூடையிலிருந்து முருங்கைக்காயை உருவி, அதை வைத்தே ஒரு பாடம் நடத்திவிட்டாள்! நிறம், நீளம், ருசி, சாப்பிடும் விதம்... அம்மணி "முரூங்ககாய், முரூங்ககாய்" என்று சிரிக்கிறார். என் ஸ்டெல்லாவா இது? கீழே உட்கார்ந்தபடி எனக்குக் கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்துக் காலில் தசைப்பிடிப்பு.

"ஐயோ!"

அங்கே யார் என்று அம்மணி கேட்டார். ஸ்டெல்லா நிதானமாகப் பிரெஞ்சில் சொன்னாள்: "என் கணவர். இன்டர்நெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்."

பிரான்ஸே சிரித்தது. நானும் தலையை மட்டும் தூக்கி ஒரு வணக்கம் போட்டேன் — ஒயரிலிருந்து கையை எடுக்காமல்.

மறுநாள் மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது! ஸ்டெல்லா போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

இப்போது ரௌட்டர் நடு ஹாலில், உயரத்தில். படுக்கையறையிலும் நூறைத் தாண்டுகிறது. ஆனால் ஸ்டெல்லா சமையலறையை விட்டு நகர மறுக்கிறாள். வகுப்புக்கு அதுதான் ராசியாம். மூன்றிலிருந்து ஐந்து வரை உள்ளே யாருக்கும் அனுமதி இல்லை.

நாலு மணிக் காபியை ரெண்டே முக்காலுக்கே குடித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்!