பதினைந்து காட்டிய கருவி

காலைப் பூசை முடித்துக் கூடத்துக்கு வந்தபோது என் மனைவி விரல் நுனியில் பஞ்சை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தாள். லண்டனிலிருக்கும் மகன் அனுப்பிய சர்க்கரைக் கருவியை அன்றுதான் முதன்முதலாகப் பயன்படுத்தினாள். முந்திய வாரம் பழுதான பழைய கருவியில் நூற்றைம்பது, நூற்றறுபது என்றே பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். புதியது பதினைந்து என்றது. பின்னால் ஒரு புள்ளியும் ஓர் இரண்டும்.

செய்தித்தாள் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் அதை எட்டிப் பார்த்துப் பதறினார். தங்கச் சுரங்கத்தில் ஆட்கள் போய்வரும் கேஜ் என்ற கூண்டை ஏற்றி இறக்கும் இயந்திரத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"இன்னாக்கா இது, பதினஞ்சா? எங்க அண்ணன் நாப்பதுக்கே மயங்கி உழுந்தாரு! ஆடாத குந்துங்க, சர்க்கரைத் தண்ணி கலக்கறேன்."

"மயக்கம்லாம் இல்லியேப்பா. சரி, கலக்கறதுதான் கலக்கற, தாராளமாப் போடு."

பல ஆண்டுகளாகக் கோயில் சர்க்கரைப் பொங்கலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பித் தந்துவிடுபவள் அவள். அன்று டம்ளரை இரு கைகளாலும் வாங்கினாள்.

எனக்கு அந்த எண்ணில் நம்பிக்கை வரவில்லை. சர்க்கரை அவ்வளவு இறங்கியவர் தாராளமாகப் போடச் சொல்லமாட்டார்.

நான் வேலை பார்த்தது அதே சுரங்கத்தின் அஸ்ஸே ஆபீஸில். கல்லைப் பொடித்து, உருக்கி, ஒரு டன்னுக்கு எவ்வளவு தங்கம் என்று சொல்வது எங்கள் பணி. நெடுங்காலம் அதைப் பென்னிவெயிட் என்ற அளவில் எழுதிவந்தோம். பிறகு கிராமில் எழுதச் சொன்னார்கள். ஒரு பென்னிவெயிட், ஒன்றரை கிராமுக்குச் சற்று அதிகம். ஆகவே எண் ஏறியது. "கல்லு தேறிச்சுடா, இனிமே போனஸ்தான்" என்று சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் லட்டு வழங்கினார்கள். தங்கம் தூசியளவும் கூடவில்லை. லட்டு வழங்கியவர்களில் இந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் ஒருவர்.

மூவடி மண் கேட்டு உலகளந்த பெருமானை நாள்தோறும் பாடுகிறேன். அடி என்றால் யாருடைய அடி என்று முதலில் கேட்கவேண்டும், மாவலி கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணுக்குக் கீழிருந்த சிறிய எழுத்துகளைப் படித்தேன். பழைய கருவி, நூறு மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் சர்க்கரை என்று எடையைச் சொன்னது. இது ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று மூலக்கூறுகளின் அளவைச் சொல்கிறது. குளுக்கோஸின் மூலக்கூறு எடை நூற்றெண்பது. நூறு மில்லி என்பது லிட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஆகவே பதினெட்டால் பெருக்கினால் பழைய கணக்கு வரும். பெருக்கினேன். இருநூற்று எழுபதைத் தாண்டியது.

டம்ளர் அவள் உதட்டருகே போயிருந்தது. பிடித்து வாங்கினேன்.

"கிடைச்ச ஒரு டம்ளரையும் புடுங்கிக்கிறீங்களே!"

"இறங்கல. ஏறியிருக்கு. ரொம்ப ஏறியிருக்கு."

பக்கத்து வீட்டுக்காரர் என்னையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னிக்கு லட்டு, இன்னிக்கு சர்க்கரைத் தண்ணி. நம்பர் மாத்தினா நமக்கு இனிப்புதான் போல" என்று சொல்லி, வீணாக்கக் கூடாதென்று டம்ளரைத் தாமே காலி செய்தார். கடைசிச் சொட்டு வரை என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பகலே மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். இப்போது சர்க்கரை அடங்கியிருக்கிறது. கருவி எட்டு என்று காட்டினால் அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இருப்பதில்லை. நூற்று நாற்பத்து நான்கு என்று நான் பெருக்கிச் சொன்ன பிறகே எழுந்து அடுப்பங்கரைக்குப் போகிறாள்.