தண்டலத்து நர்சரியில் வாங்கிய அத்தி

என் கணவர் குவைத்திலிருந்து திரும்பி வந்தபோது கையில் ஒரு துணிப்பை மட்டும்தான் இருந்தது. அங்கே சண்டை மூண்டு, அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். பஸ்ஸிலும் லாரியிலுமாகப் பாலைவனத்தைத் தாண்டி, ஜோர்டான் எல்லையில் ஒரு கூடாரத்தில் மூன்று வாரம் கிடந்து, பிறகுதான் விமானம் கிடைத்தது. ஆறு வருஷம் டிரைவராக இருந்து அனுப்பிய பணத்தில், சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் போகிற வழியில் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் வாங்கி, வீடும் கட்டியிருந்தோம். அது இருந்தது பெரிய ஆறுதல்.

நான் அப்போது ஸ்ரீபெரும்புதூரில் டிரான்ஸ்பார்மருக்குச் செம்புக் கம்பி சுற்றும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை செய்தேன். காலை ஷிப்டுக்கு நான் கிளம்பும்போது அவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருப்பார். திரும்பி வரும்போதும் அங்கேயே இருப்பார். சொந்தக்காரர்கள் வந்து விசாரித்தால் ஒரு வார்த்தையில் பதில். தானாக அவர் பேசியது ஒரே ஒரு விஷயம்தான்.

"கேம்ப்ல ஒரு தபா அத்திப்பழம் குடுத்தாங்க. மேல பச்சையா, உள்ளாற செவப்பா."

"ஏரிக்கரை அத்தியா? அதுல பூச்சியில்ல இருக்கும்?"

"இது அது இல்ல. சீமை அத்தி."

அதற்கு மேல் சொல்ல மாட்டார். சில நாள் கழித்து அதையே மறுபடி சொல்வார்.

தொண்ணூற்றொன்று தை மாதத்தில் ஒரு காலை, நான் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது, "வூட்டுக்குப் பின்னால அத்தி வெக்கலாம்னு பாக்கறேன்" என்றார். வந்த நாளிலிருந்து அவர் வேண்டும் என்று கேட்ட முதல் பொருள் அது. எனக்கு அன்று வேலையில் கை தானாகக் கம்பி சுற்றிக்கொண்டே போனது. சூப்பர்வைசர் கூட என்ன விசேஷம் என்று கேட்டார்.

அந்த வாரம் குன்றத்தூர் மலைக்குச் சாமி கும்பிடப் போயிருந்தோம். அடிவாரத்தில் ஒருவர் தள்ளுவண்டியில் செடி விற்றுக்கொண்டிருந்தார். அத்தி என்று கேட்டதும் ஒரு கன்றை எடுத்து நீட்டினார். கணவர் இலையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது நம்ம ஊரு அத்தி. சீமை அத்தி இலை, வெரலை விரிச்ச கை மாதிரி இருக்கும்."

வண்டிக்காரர் வாதாடவில்லை. "தெரிஞ்சிக்கினுதான் கேக்கறீங்க. தண்டலத்துல ரோட்டு மேலயே ஒரு நர்சரி கீது சார். நானே அங்கதான் செடி எடுக்கறேன். போய்ப் பாருங்க" என்றார். விற்க வந்தவர் இன்னொரு கடைக்கு வழி சொன்னதை நான் இன்றும் நினைத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை தண்டலம் போனோம். தென்னங்கீற்றுப் பந்தலுக்கு அடியில் வரிசை வரிசையாகச் செடிகள். நடத்தியது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண் கையோடு வந்தார். அத்தியில் இரண்டு ரகம் வைத்திருந்தார். ஒன்று பூனா பக்கத்து ரகம். பழம் சின்னதாக, ஊதா கலந்த பழுப்பில் இருக்கும். இன்னொன்று யாரோ அரபு நாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த குச்சியை நட்டு வளர்த்தது. பழம் பெரியது, பச்சை என்று கொடுத்தவர் சொன்னாராம்.

கணவர் உடனே அதன் பக்கத்தில் போய் நின்றார். "இதான். இதைக் குடுங்க."

அந்த அம்மாள் செடியை எடுக்கவில்லை. "உங்க நெலம் இன்னா மண்ணு தம்பி?"

"களிமண்ணு. கெணத்தாண்ட கொஞ்சம் செம்மண்ணு."

"ஐப்பசி கார்த்திகைல தண்ணி நிக்குமா?"

"ரெண்டு நாள் நிக்கும்."

"அப்ப இது வேணாம். மூணு வருஷமா நானும் வளக்கறேன். காய் கட்டும், சுண்டைக்காய் அளவுக்கு வந்ததும் கொட்டிப்பூடும். தோட்டக்கலை ஆபீசர் ஒருத்தர் பாத்துட்டுச் சொன்னாரு, இதுக்குன்னு ஒரு சின்னக் குளவி கீதாம், அது உள்ள பூந்தாத்தான் காய் நிக்குமாம். அந்தக் குளவி நம்ம பக்கம் கெடையாது. அதுமில்லாம நம்ம மழைக்கு இலையெல்லாம் துரு நோய் புடிச்சிடுது. பூனா அத்திக்குக் குளவி வேணாம். மேடு கட்டி வெச்சா மழையும் தாங்கும்."

"எனக்கு இதான் வேணும். காசு குடுக்கறேன்ல."

"காசு குடுப்பீங்க. பழம் வராதே. அப்பறம் என்னைத்தான நெனைப்பீங்க."

கணவர் முகம் சிவந்துவிட்டது. "விக்கறதுக்குத்தான வெச்சிருக்க?" என்று ஒருமையில் கத்திவிட்டு, ரோட்டைப் பார்த்து நடந்தார். ஊர் திரும்பியதிலிருந்து அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெட்கத்தோடு அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த அம்மாளுக்குக் கோபம் வரவில்லை. "எங்க துன்னாரும்மா அதை?" என்று கேட்டார். கேம்ப் பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சத்தைச் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கே போய், "தம்பி, ஒரு நிமிஷம் வாங்க. வாங்க வேணாம், சும்மா பாருங்க" என்று அழைத்து வந்தார்.

பந்தலுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பூனா அத்தி நின்றது. அடியில் முழங்கால் உயரத்துக்கு மண் மேடு. நாலைந்து பழம் கனிந்து கழுத்து தொங்கியிருந்தது. ஒன்றைப் பறித்துக் கொடுத்தார். கணவர் அதைப் பிளந்து பார்த்தார், மெதுவாகத் தின்றார்.

"இது அது இல்ல" என்றார்.

"இல்லதான். அது அந்த ஊருப் பழம்."

இன்னொன்றைக் கொடுத்தார். கணவர் அதையும் தின்றார். "நல்லாத்தான் கீது" என்று சொல்லி, அங்கேயே ஒரு கவிழ்த்த தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு பேச ஆரம்பித்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல்.

கேம்புக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண்மணி தட்டில் அத்திப்பழம் கொண்டுவந்து, படுத்திருந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே போனார். இவர் கையில் மூன்று வைத்தார். பக்கத்தில் காய்ச்சலில் கண் மூடிக் கிடந்தவருக்கும் சேர்த்துத்தான் அது. அந்தப் பெண்மணி சைகையில் காட்டிவிட்டே போனார். லாரியில் இவருக்குத் தன் தண்ணீரில் பாதி கொடுத்துக்கொண்டு வந்தவர் அந்தக் காய்ச்சல்காரர்.

"மூணையும் நானே துன்னுட்டேன். அவரு கண்ணு முழிக்கறதுக்குள்ள. மறுநாள் காலைல அவரை ஆஸ்பத்திரி வண்டில ஏத்திக்கினு போனாங்க. அப்பறம் பாக்கல."

அந்த அம்மாள் கேட்டார். "எத்தினி நாள் பட்டினி?"

"ரெண்டு நாள் இருக்கும்."

"ரெண்டு நாள் பட்டினில பழத்தைப் பாத்தா கை நிக்குமா தம்பி. எனக்கும் நின்னிருக்காது." அவ்வளவுதான் சொன்னார். சமாதானம் சொல்கிற குரலே இல்லை. மண்ணைப் பற்றிச் சொன்ன அதே குரல். கணவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை அந்த அம்மாள் வேறு வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்றார்.

பூனா அத்தியில் இரண்டு கன்று வாங்கினோம். வளர்ந்து தளதளவென்று இருந்ததைக் கணவர் கையில் எடுத்தபோது, "அது வேணாம், வேர் பிளாஸ்டிக் கவருக்குள்ளயே சுத்திக்கினு கீது" என்று அந்த அம்மாள் சின்னதாக வேறு இரண்டை எடுத்துக் கொடுத்தார். மறுநாளே கணவர் கிணற்று மேட்டிலிருந்து எழுந்து கடப்பாரையை எடுத்தார். செம்மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்து மேடு கட்டினார். அந்த ஐப்பசியில் நிலத்தில் தண்ணீர் நின்றது. ஒரு கன்று அழுகிப் போயிற்று. மற்றது இலையெல்லாம் கொட்டி, மழை விட்டதும் துளிர்த்தது. அதற்குள் அவர் ஒரு கம்பெனி வேனை ஓட்டும் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். வீட்டில் பேச்சுச் சத்தம் திரும்பியிருந்தது.

இரண்டாம் வருஷம் மாசியில் பழம் வந்தது. முதலில் பறித்த பத்துப் பழத்தைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு இருவருமாகத் தண்டலம் போனோம். அந்த அம்மாள் ஒன்றைக் கையில் வைத்து அழுத்திப் பார்த்தார், பிட்டு வாயில் போட்டார். நாங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தண்ணி ஜாஸ்தி வுட்டுட்டீங்க. பழுக்கறப்ப கொறைச்சிடணும்" என்றார்.

கணவர் சத்தம் போட்டுச் சிரித்தார். ஊர் வந்ததும் தண்ணீரைக் குறைத்தோம். அடுத்த வாரம் பறித்த பழம் இனிப்பாக இருந்தது.