கடை வாசலில் நாலடி

தொண்ணூற்றேழாம் வருடம், டெக்சாஸில் நடந்தது. பிளானோவைத் தாண்டி ஒரு சின்ன ஊரில், வரிசையாகக் கடைகள் இருக்கும் ஸ்ட்ரிப் மால் ஒன்றின் மூலையில் நானும் என் கணவரும் மளிகைக் கடை வைத்திருந்தோம். பெயர்ப் பலகையை ஒரு ஓக் மரம் மறைத்துவிடும். ஆறு மாதம் ஈ ஓட்டினோம்.

அப்போது சென்னையிலிருந்து பாத்திரங்களோடு பிளாஸ்டிக் குடங்களும் வந்து இறங்கின. ஆரஞ்சு, பச்சை, நீலம். குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிற ஊரில் குடத்தை யார் வாங்குவார்கள் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் அவற்றை வெளியே நடைபாதையில் அடுக்கினேன். காற்றில் உருளாமல் இருக்கக் கீழ் வரிசையில் தண்ணீர் நிரப்பினேன். அந்த வாரமே ஒரு கார் சட்டென்று உள்ளே திரும்பியது.

"ஆன்ட்டி, ரோட்ல போறப்ப குடத்தைப் பாத்தேன். கண்டிப்பா நம்ம ஊர்க் கடைதான்னு வந்துட்டேன்" என்றாள் அதிலிருந்து இறங்கிய தமிழ்ப் பெண்.

அதன் பிறகு தமிழர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். கடை பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையே அந்தக் குடங்களால்தான் வந்தது.

வாசலில் தினமும் கோலமும் போடுவேன். முதலில் எல்லோரும் மிதித்தார்கள். விடுவேனா? ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி, அமெரிக்கர்கள்கூட மிதிக்காமல் சுற்றிப் போகும்படி பழக்கிவிட்டேன். அதில் எனக்குப் பெருமையோ பெருமை. கோலத்துக்கு இடம் வேண்டுமே என்று குடங்களை நடைபாதையின் வெளி ஓரத்துக்குத் தள்ளி வைத்திருந்தேன்.

ஒரு நாள் கதவில் சிட்டி நிர்வாகத்தின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அனுமதி இல்லாமல் விற்பனைப் பொருளை வெளியே வைப்பது விதிமீறல், பத்து நாளில் எடுக்க வேண்டும் என்று இருந்தது.

"சிட்டியோட எதுக்கு வம்பு? பேசாம உள்ள எடுத்து வெச்சுடு" என்றார் அவர்.

"பக்கத்துல பூக்கடைக்காரி பக்கெட் பக்கெட்டா பூவை வெளிய வெக்கிறா. நான் வெச்சா மட்டும் குத்தமா?" என்றேன்.

மறுநாளே சிட்டி ஹாலுக்குப் போய் விதியின் நகலை வாங்கி நாலு தடவை படித்தேன். வெளியே வைக்கலாம், ஆனால் பெர்மிட் வேண்டும், நடப்பவர்களுக்கு நாலடி வழி விட வேண்டும். எங்கள் நடைபாதையே எட்டடி. "இடம் தாராளமா இருக்கு, நேர்ல வந்து பாருங்க" என்று அதிகாரியிடம் மல்லுக்கு நின்றேன்.

அதிகாரியும் அளக்கிற டேப்போடு வந்தார். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, கோடியில் இருந்த கிளினிக்கிலிருந்து ஒரு பெண் குழந்தையை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். கோலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஸ்ட்ரோலரை நடைபாதையிலிருந்து கீழே, கார் நிறுத்துமிடத்தில் இறக்கிக் குடங்களைச் சுற்றிப் போனாள். அங்கே ஒரு பிக்கப் டிரக் ரிவர்ஸில் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அதிகாரி ஓடிப்போய் அதன் முதுகில் ஓங்கித் தட்டினார். ஸ்ட்ரோலருக்கு ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் திரும்பி என்னிடம் கேட்டாள்: "சாரி, உங்க டிசைனை மிதிச்சிடலையே நான்?"

அதிகாரி டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

அன்றைக்கே குடங்களைக் காலி செய்து உள்ளே எடுத்தேன். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. மகளின் கிராஃப் நோட்டில் வாசலை அளந்து படம் வரைந்து விண்ணப்பித்தேன். அளவு சரியில்லை என்று திரும்பியது. கட்டடச் சொந்தக்காரர் கையெழுத்து இல்லை என்று மறுபடியும் திரும்பியது. மூன்றாவது தடவை பெர்மிட் கிடைத்தது. அதைக் கண்ணாடியில் ஒட்டும்போதுதான் பார்க்கிறேன், பூக்கடைக் கண்ணாடியிலும் அதே காகிதம், வெயிலில் வெளுத்துப்போய் ஒட்டியிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

குடங்கள் சுவரோரம் வந்தன. கோலம் அவற்றின் காலடியில் ஒற்றை இழையாகச் சுருங்கியது. அதற்கு அப்பால் நாலடியும் நடப்பவர்களுக்கு. யாராவது இழையை மிதித்தால் நான் வாயைத் திறப்பதில்லை.

கடையை விற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. இன்றும் யாராவது எனக்காக ஒதுங்கி நடந்தால், அவர்கள் எங்கே கால் வைக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.